பதினொரு ஜன்னல் வீடு

பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததை நாத்தனார் சொன்னாள். உங்களைப் போனில் கூப்பிடச் சொன்னேன். "அப்பா குளிக்கிறாரு அண்ணி" என்றாள். காலை எட்டு மணிக்கும் குளித்தீர்கள், பதினொன்றுக்கும் குளித்தீர்கள், சாயங்காலம் ஐந்துக்கும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். இப்படியே போனால் மகள் வீட்டுத் தொட்டி வற்றிவிடும் என்றுதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. உங்கள் காதுக்கருவி நடுவில் விசில் அடிக்காது. நான் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எழுந்து போகவும் முடியாது.

முதலில் ஏணி விஷயம். உங்களைக் கேட்காமல் அதைப் பெயின்டரிடம் கொடுத்தது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் கொடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் மாடி ஜன்னல் இடுக்கை அடைக்க மக்கு வைக்கப் போய் விழுந்தீர்கள். மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்ட மூன்றாம் நாள், மிச்சம் இருந்த ஜன்னலை முடிக்கிறேன் என்று அதே ஏணியில் மறுபடி ஏறினீர்கள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பழக் கிடங்கில் பதினாறு வருடமாகக் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே எது பழுதானாலும் நான் பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்தேன். அந்த நிமிடத்தில்தான் இந்த வீட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நீங்கள் சொல்வதுபோல் வீட்டை இடிக்கவில்லை மாமா. பதினொரு மர ஜன்னலையும் எடுத்துவிட்டு, இரட்டைக் கண்ணாடி போட்டு, இடுக்கில் ரப்பர் பட்டை வைத்து இறுக்கமாக மூடும் ஜன்னல்கள் வைக்கிறோம். அவற்றுக்குப் பெயின்ட் வேண்டாம், மக்கு வேண்டாம். மொட்டை மாடியில் வெப்பத்தடுப்பு அட்டை பதித்து மேலே வெள்ளை ஓடு ஒட்டுகிறோம். அதற்கு மேல் சோலார் தகடுகள். மேற்குச் சுவருக்கு வெளியே நிழல் தரும் பலகைச் சட்டங்கள். கீழே தோட்டத்துப் பக்கம் ஒரே ஒரு புது அறை, அதை ஒட்டிக் குளியலறை. அவ்வளவுதான்.

அத்தை உங்களோடு வரவில்லை என்று உங்களுக்குக் கோபம் என்று கேள்விப்பட்டேன். "யாராவது ஒருத்தர் வீட்டுல இருந்து வேலையாளுங்களைப் பார்த்துக்கணுமில்ல" என்கிறார். மேஸ்திரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்துக்கொள்கிறார். மேஸ்திரி என்னிடம் தனியாக வந்து, "பெரியம்மா எப்பவும் இங்கதான் இருப்பாங்களா?" என்று கேட்டார்.

உங்கள் மகன் வழக்கம்போல. கணக்கு வாத்தியார் ஆயிற்றே, அப்பாவும் மனைவியும் சமம் என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 15

மருமகளுக்கு,

திட்டச் சொன்னதால் திட்டுகிறேன்.

நாற்பது வருடம் அந்த வீட்டின் ஜன்னல்களுக்கு நான் மக்கு வைத்திருக்கிறேன். இப்போது என்னையே மக்காக்கிவிட்டாய். ஒவ்வொரு ஜன்னலும் எந்த மாதம் உப்பும், எந்த மாதம் சுருங்கும், எதன் கொண்டியை லேசாகத் தூக்கித் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன். எந்தக் கட்டிடத்திலும் என் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றதில்லை. அப்படிப்பட்டவன் பார்த்துக்கொண்ட வீட்டில் உனக்கு என்ன குறை?

நீ வேலை செய்யும் இடம் அப்படி. உனக்கு எதைப் பார்த்தாலும் மூடி, இறுக்கி, குளிர வைக்கத் தோன்றும். ஆப்பிளுக்கு அது சரி. நாங்கள் ஆப்பிள் இல்லை. ஐஸ்பெட்டிக்குள் மனிதனை உட்கார வைத்தால் கெட்டுப் போகாமல் இருப்பானே தவிர, உயிரோடு இருப்பானா?

கீழே புது அறை என்கிறாய். அது யாருக்கு என்று எழுதவில்லை. எழுதாமலே எனக்குத் தெரியும். கிழவனையும் கிழவியையும் மாடியிலிருந்து இறக்கித் தோட்டத்து மூலையில் வைப்பதற்கு. உபயோகம் முடிந்த மோட்டாரை அப்படித்தான் இறக்கி வைப்போம். கம்பெனி எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். மாப்பிள்ளை மரியாதையாகப் பேசுகிறார். வீட்டு வாசல் கேட் கிறீச்சென்றது, சரி செய்தேன். எதிர் வீட்டுக் கேட்டும் கிறீச்சென்றது. அதையும் செய்தேன். அவர்கள் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரியை யாரும் தொடக் கூடாது. பூட்டியே இருக்கட்டும். சாவி என்னிடம் இருக்கிறது.

உன் அத்தை மாத்திரை போட்டுக்கொள்கிறாளா?

மாமா


பிப்ரவரி 22

அன்புள்ள மாமாவுக்கு,

ஜன்னல்களை எடுத்துவிட்டார்கள். இதை மறைக்க விரும்பவில்லை. தச்சர் ஒவ்வொன்றையும் எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "இதுக்கு எத்தனை கோட்டு பெயின்ட் அடிச்சிருக்காங்க?" என்று கேட்டார். ஓரத்தைச் சுரண்டிக் காட்டினார். பச்சை, நீலம், மறுபடி பச்சை, சாம்பல், ஒரு வருடம் மட்டும் ரோஸ். அந்த ரோஸ் யார் தேர்வு என்று அத்தையிடம் கேட்டேன். எழுந்து போய்விட்டார். போகும்போது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மரம் வெளியே பளபளவென்று இருந்தது மாமா. உள்ளே சுவரைத் தொடும் பக்கம் விரல் வைத்தால் பொடிந்தது. நீங்கள் செய்த வேலையில் குறை இல்லை. நீங்கள் செய்துகொண்டே இருந்ததால்தான் அது இத்தனை நாள் நின்றது. நீங்கள் ஒரு வருடம் நிறுத்தியிருந்தால் அதுவும் நின்றிருக்காது.

ஐஸ்பெட்டி என்று சொன்னீர்கள். நான்கு நாள் மாடி அறையில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கு முப்பத்தொன்பது. இன்னும் கோடை வரவில்லை. நீங்கள் இருவரும் அந்த அறையில்தான் மதியம் படுக்கிறீர்கள். ஆப்பிளை நான் அப்படி வைத்தால் வேலை போய்விடும்.

இனி புது அறை. யாருக்கு என்று எழுதாதது என் கோழைத்தனம். உங்களுக்கும் அத்தைக்கும்தான். ஏன் என்று சொல்கிறேன். இதைச் சொல்லக் கூடாது என்று அத்தை என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதக் கூடாது என்று வாங்கவில்லை.

அத்தைக்கு இடது முழங்கால் ஒரு வருடமாகச் சரியில்லை. நீங்கள் மாடியில் இருக்கும்போது அவர் ஏழாவது படியில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வருவார். நீங்கள் குரல் கொடுத்தால், "துணி மடிச்சிட்டிருக்கேன், வர்றேன்" என்பார். கையில் துணியே இருக்காது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார் அத்தை. "அவரு கேட்டா உடனே படிக்கட்டுல லிஃப்ட் மாட்டுறேன்னு கிளம்பிடுவாரு. அப்புறம் அதுல ஏறி உட்கார்ந்து நான்தான் சோதனை பார்க்கணும்."

மோட்டாரை இறக்கி வைக்கவில்லை மாமா. அத்தையைப் படியிலிருந்து இறக்குகிறோம். தனியாக இருக்க மாட்டாரே என்று உங்களையும்.

ஒரு விஷயம். புது அறைக்கு வழி மாடிப்படிக்கு அடியில்தான் வர வேண்டும் என்று வரைபடம் போட்டிருக்கிறோம். அந்த அலமாரியை எடுத்துவிட்டு, பின்சுவரை வெட்டிக் கதவு வைக்கப் போகிறோம். இருபத்தெட்டாம் தேதி மேஸ்திரி தொடங்குகிறார். பூட்டைத் தச்சர் திறந்துகொடுப்பார். உள்ளே உங்கள் பொருள் ஏதாவது இருந்தால் பத்திரமாக எடுத்து வைக்கிறேன்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 27

மருமகளுக்கு,

இன்று காலை போனில் நான் கத்தியதில் உனக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை. கருவி விசில் அடித்தது. நான் சொன்னதெல்லாம் எனக்கே கேட்கவில்லை. 'நிறுத்து' என்பது மட்டும் புரிந்திருந்தால் போதும். மற்றதை எழுதுகிறேன்.

அலமாரிக்குள் பொருள் எதுவும் இல்லை. அலமாரியே ஒரு மறைப்பு.

வீடு கட்டியபோது அந்த இடத்தில் ஒரு செங்கல் தூண் இருந்தது. மாடிப்படியின் நடு மேடை அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. உன் அத்தை அப்போது வீட்டில் துணி தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மிஷின் வைக்க இடம் இல்லை. சமையலறை வாசலில் வைத்துத் தைப்பாள். யார் உள்ளே போனாலும் வந்தாலும் எழுந்து வழிவிட வேண்டும். ஒருமுறை அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் நான் அந்தத் தூணை உடைத்தேன்.

எந்த இன்ஜினியரையும் கேட்கவில்லை. அந்த வருடம் ஒரு பழைய கட்டிடத்தில் லிஃப்டைக் கழற்றினோம். லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளம் இரண்டு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். மேடைக்கு அடியில் அதை முட்டுக் கொடுத்து, இரண்டு முனையையும் சுவருக்குள் செலுத்திச் சிமென்ட் பூசினேன். தண்டவாளம் தெரியாமல் முன்னால் பலகை அடித்து மூடினேன். அவள் திரும்பி வந்ததும், மேஸ்திரியை வைத்து முறைப்படி செய்தேன் என்று சொன்னேன். மிஷின் அந்த இடத்தில் பொருந்தியது. அவள் சந்தோஷப்பட்டாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. வந்தது, நான்தான் சொல்லவில்லை.

தையலை விட்ட பிறகு அந்த இடத்துக்குக் கதவு போட்டுப் பூட்டினேன். வருடம் ஒரு தடவை, எல்லோரும் வெளியே போயிருக்கும்போது, திறந்து ரசமட்டம் வைத்துப் பார்ப்பேன். மூன்று வருடமாக ஒரு பக்கம் குமிழி நடுவில் நிற்பதில்லை. ஒரு நெல் அளவு நகர்ந்திருக்கிறது. நெல் அளவுதான். ஆனால் நான் இரவெல்லாம் அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன். அந்தப் படியில்தான் எல்லோரும் ஏறி இறங்குகிறீர்கள்.

பின்சுவரை வெட்டினால் தண்டவாளத்தின் முனை இருக்கும் இடத்தைத்தான் வெட்டுவார்கள். மேடை இறங்கினால் மேஸ்திரி தலைமேல்தான்.

நான் ஏணிக்காகக் கோபித்துக்கொண்டு வந்ததாக எல்லோரும் நினைக்கிறீர்கள். ஏணி ஒரு சாக்கு. நீ வரைபடத்தை மேசைமேல் விரித்தபோது அந்தச் சுவரில் கதவு போட்டிருந்ததைப் பார்த்தேன். சொல்லத் தைரியம் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நேரம் இருக்கிறது, இங்கே வந்து யோசித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். யோசித்ததில் இரண்டு வாரம் போய்விட்டது.

எல்லா லிஃப்ட்டிலும் பாதுகாப்பு எச்சரிக்கைப் பலகையை நான்தான் மாட்டுவேன். என் வீட்டில் நான் செய்தது இது. யாரிடமும் சொல்ல முகமில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அவளிடம் நீயே சொல்லிவிடு. அல்லது சொல்லாதே. எனக்குத் தெரியவில்லை.

மாமா


மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

'நிறுத்து' புரிந்தது. ஒரு நாள் முன்னாலேயே வந்து மேஸ்திரி சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையிலிருந்த உளியைப் பிடுங்கினேன். பெரியம்மா உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் சின்னம்மாவுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

உங்கள் கடிதம் கைக்கு வந்த மறுநாள், வீட்டு வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் அம்மா வந்தார். பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து, மண்டியிட்டு அரை மணி நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதை யாரு செஞ்சது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அத்தை, "எங்க வீட்டுக்காரரு" என்றார்.

ஆமாம் மாமா. அத்தைக்குத் தெரியும். அவர் ஊரிலிருந்து திரும்பிய மறுநாளே தெரியும். நான் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேஸ்திரி செஞ்சாருன்னாரு. மேஸ்திரி செஞ்சா இவரு நகத்துல எதுக்குச் சிமென்ட்டு? இவரு விரல் பத்துலயும் சிமென்ட்டும் கிரீஸும். ஒரு வாரம் என்கிட்ட கையைக் காட்டாம சாப்பிட்டாரு. எனக்காக அவ்வளவு கஷ்டப்பட்டுட்டுப் பொய்யும் சொல்றாரேன்னு விட்டுட்டேன்." ஆனால் உடைத்த தூண்தான் மேடையைத் தாங்கியது என்று அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் முகம் மாறியது. அன்று முழுக்க மேஸ்திரிக்கு எதிரே இருந்த நாற்காலி காலி.

இன்ஜினியர் அம்மா சொன்னது: தண்டவாளம் தேவைக்கு மூன்று மடங்கு பலம். அதற்கு ஒன்றும் ஆகாது. தவறு முனையில். வடக்குப் பக்கம் தண்டவாளம் வெறும் செங்கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. அடியில் தகடு வைக்கவில்லை. அந்தச் செங்கல் நசுங்கத் தொடங்கியிருக்கிறது. வெட்டாமல் விட்டிருந்தாலும் இன்னும் சில வருடத்தில் மேடை இறங்கியிருக்கும். வெட்டியிருந்தால் அன்றைக்கே. நீங்கள் சொன்னது சரியான நேரத்தில் மாமா. இரண்டு வாரம் தள்ளிச் சொன்னதற்கு நான் உங்கள்மேல் கோபப்பட வேண்டும். பட்டேன். அந்த ராத்திரியே தீர்ந்துவிட்டது. மேஸ்திரிக்கு மட்டும் இன்னும் வியர்க்கிறது.

நான்கு இரும்பு முட்டு கொடுத்து, முனைக்கு அடியில் கான்கிரீட் மெத்தை போட்டு, தகடு வைத்துவிட்டார்கள். தண்டவாளம் அங்கேயே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். இப்போது மூடாமல் விட்டிருக்கிறோம். துடைத்து எண்ணெய் போட்டதும் அழகாகத்தான் இருக்கிறது.

கதவைச் சமையலறைப் பக்கம் மாற்றியாயிற்று. அதனால் புது அறை ஒரு முழம் நீளமாகிவிட்டது. உங்கள் பொய்யால் வந்த லாபம்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. வீட்டை இறுக்கமாக மூடியதும், உள்ளே சேரும் சூடு எல்லாம் படிக்கட்டு வழியாக ஏறி மேல் கூரைக்கு அடியில் நிற்கிறது. அதை வெளியேற்ற மின்விசிறி வைக்கச் சொல்கிறார் இன்ஜினியர் அம்மா. மோட்டார், ஓயாத சத்தம், வருடத்துக்கு ஒரு பழுது. எனக்குப் பிடிக்கவில்லை. வேறு வழி தெரியுமா?

உங்கள் மருமகள்


மார்ச் 11

மருமகளுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நகத்தைப் பற்றிய பகுதியை ஐந்து தடவை. இத்தனை வருடம் நான் மறைத்ததாக நினைத்தேன், அவள் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தகடு வைக்காதது தவறு. எந்தக் கற்றுக்குட்டியும் வைப்பான். அவசரம்.

மின்விசிறி வேண்டவே வேண்டாம். லிஃப்ட் குழிக்குள் கீழே நின்று ஒரு காகிதத்தை விட்டால் தானாக மேலே போகும், பார்த்திருக்கிறாயா? சூடான காற்று அப்படி இழுக்கும். அதற்கு யாரும் மோட்டார் மாட்டவில்லை. உன் படிக்கட்டும் ஒரு குழிதான். உச்சியில் ஒரு ஜன்னல் வை. கீழே வடக்குப் பக்கம், நிழல் இருக்கும் இடத்தில், தாழ்வாக ஒரு ஜன்னல். இரண்டையும் சாயங்காலம் வெயில் தணிந்ததும் திற. குளிர்ந்தது உள்ளே வரும், சூடு தானே கிளம்பிப் போகும்.

உச்சி ஜன்னலை யார் ஏறித் திறப்பது என்பாய். ஏற வேண்டாம். பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். மேலே ஒரு கப்பி, ஜன்னல் பலகைக்குச் சமமாக ஒரு எதிர் எடை, கீழே வரை ஒரு எஃகுக் கயிறு. கைப்பிடியைச் சுண்டு விரலால் இழுத்தால் திறக்கும், விட்டால் அங்கேயே நிற்கும். முழங்கால் வலிக்கிறவள்கூட நாற்காலியில் உட்கார்ந்து திறக்கலாம். கப்பி மூடிய பேரிங் வைத்ததாக வாங்கு. எண்ணெய் கேட்காது. நீ கேட்ட மாதிரியே, பராமரிப்பு இல்லாதது. என் கையால் இப்படி ஒன்றை வரைந்து கொடுப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

இன்று இங்கே ஒரு சம்பவம். எதிர் வீட்டுக்காரர் என் மகளிடம் வந்து, "உங்க அப்பா ஊருக்கு எப்ப போறாரு?" என்று கேட்டிருக்கிறார். அவர் வீட்டு அழைப்பு மணியைச் சரி செய்தேன். முன்பு ஒரு தடவை அழுத்தினால் ஒரு தடவை அடிக்கும். இப்போது நிற்பதில்லை. என் மகள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள், "அப்பா, ஒரு நாள் சும்மா உட்காருங்கப்பா." உட்கார்ந்து பார்த்தேன். முக்கால் மணி நேரம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

அதுதான் என் பயம். உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது? பெயின்ட் அடிக்க வேண்டாம், மக்கு வைக்க வேண்டாம், மழைக் குழாயைச் சுரண்ட வேண்டாம் என்று ஒரு வீட்டைச் செய்கிறாய். நல்லதுதான். அந்த வீட்டில் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன்?

உன் அத்தை ஏன் ஒரு வரி எழுதவில்லை?

மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

கப்பி ஜன்னல் மாட்டியாயிற்று. தச்சருக்கு முதலில் நம்பிக்கை இல்லை. உங்கள் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். மாட்டி முடித்ததும் அவரே பத்து தடவை திறந்து மூடினார். அத்தை, "போதும், கயிறு தேய்ஞ்சிடப் போகுது" என்று பிடுங்கிக்கொண்டார். இன்ஜினியர் அம்மா உங்கள் படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இன்னொரு வீட்டுக்கு வேண்டுமாம். உங்களைக் கேட்டுத்தான் செய்வதாகச் சொன்னார்.

நடுவில் ஒரு கூத்து. மொட்டை மாடியில் பாதி ஓடு ஒட்டியிருந்த நாளில் காலமில்லாத காலத்தில் மழை. நான், உங்கள் மகன், மேஸ்திரி மூவரும் தார்ப்பாயின் மூன்று மூலையில் நின்றோம். நான்காவது மூலைக்கு ஆளில்லை. உங்கள் மகன் அங்கே தன் விடைத்தாள் கட்டை வைத்தார். நாற்பது பிள்ளைகளின் கணக்கு நனைந்தது. எல்லோருக்கும் தேர்ச்சி போட்டுவிட்டார். வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

அறையும் முடிந்துவிட்டது. அங்கே சாயங்காலம் நான்கு மணிக்கு வெப்பமானியில் இருபத்தெட்டு.

காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று கேட்டீர்களே, அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை மாமா. இரண்டு வாரம் யோசித்தேன். செய்வதற்கு ஏதாவது வேலை மிச்சம் வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு ஜன்னலை மட்டும் பழையபடி மரத்தில் போடலாமா என்று தச்சரிடம் கேட்டேன். அத்தை கேட்டுவிட்டு, "வேணாம்மா. குழந்தைக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். அவருக்குத் தெரிஞ்சா மனசு நோகும்" என்றார். விட்டுவிட்டேன்.

அத்தையை எழுதச் சொன்னேன். பேனாவைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தூணைப் பத்தி எனக்குக் கேட்கணும். கடுதாசியில கேட்டா அவரு யோசிச்சு யோசிச்சுப் பதில் எழுதுவாரு. நேர்ல வந்து நின்னு திருதிருன்னு முழிக்கட்டும்" என்கிறார்.

எப்போது வந்து முழிக்கப் போகிறீர்கள்?

உங்கள் மருமகள்


ஏப்ரல் 8

மருமகளுக்கு,

சனிக்கிழமை காலை ரயில். யாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நானே வந்து முழிக்கிறேன்.

எதிர் வீட்டுக்காரர் என் பெட்டியை வாசல் வரை தூக்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாமா


மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த ஊர்ப் புதுக் கிடங்கில் வேலை தலைக்கு மேல். ஆறு குளிர் அறை, ஆறுக்கும் கதவு சரியாக மூடவில்லை. நான் இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மூன்று வாரமாவது ஆகும். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் உங்கள் மகனும் நாளை கிளம்பி இங்கே வருகிறார். அங்கே நீங்களும் அத்தையும் மட்டும்தான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம். புது வீடு, முதல் கோடை. எங்காவது ஒழுகினால், எதுவாவது திறக்காமல் நின்றால், உடனே இன்ஜினியர் அம்மாவைக் கூப்பிடுங்கள். எண் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. நீங்களாக எதன்மேலும் ஏற வேண்டாம்.

வீடு எப்படி இருக்கிறது? உண்மையை எழுதுங்கள். நன்றாக இல்லை என்றாலும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மே 28

அன்புள்ள மருமகளுக்கு,

உண்மையை எழுதச் சொன்னாய்.

நான் திரும்பி வந்த முதல் வாரம் உனக்குத் தெரியாமல் வீடு முழுக்கக் குறை தேடினேன். ஜன்னல் இடுக்கில் ஊதுவத்திப் புகையைக் காட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சோலார் தகட்டில் தூசி படியும், துடைக்க வேண்டியிருக்கும் என்று ஆசையோடு இருந்தேன். மழை பெய்து அதுவே கழுவிக்கொண்டது. மின்சார மீட்டர் பார்க்கிறவர் போன வாரம் வந்தார். எண்ணைப் பார்த்துவிட்டு மீட்டரைத் தட்டினார். "மீட்டர் ஓடலைங்க" என்றார். ஓடுகிறது என்றேன். நம்பாமல் இன்னொரு ஆளைக் கூட்டி வந்தார். அவரும் தட்டினார். இருவரும் உள்ளே வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தார்கள். எழுந்து போக மனமில்லாமல் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்தார்கள். வெளியே அப்படி வெயில்.

மதியம் நாங்கள் புது அறையில் படுக்கிறோம். முதல் நாள் படுத்தேன், கண்ணை விழித்தால் சாயங்காலம் ஐந்து. யாரோ என்னை அடித்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். நாற்பது வருடத்தில் நான் பகலில் தூங்கியது இதுதான் முதல் தடவை. மாடி அறையில் நாங்கள் படுத்திருந்தோமே தவிர, தூங்கவில்லை போலிருக்கிறது.

தூணைப் பற்றி உன் அத்தை கேட்டாள். முழித்தேன். அதை எழுத மாட்டேன், அது எங்களுக்குள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசியில் அவள், "இனிமே எதை உடைச்சாலும் என்கிட்ட சொல்லிட்டு உடைங்க" என்றாள். சரி என்றேன்.

காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று உன்னைக் கேட்டிருந்தேன். உனக்குப் பதில் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இன்ஜினியர் அம்மா இரண்டு தடவை வந்து கப்பி பற்றிக் கேட்டார். நல்லபடியாகச் சொன்னேன். ஆனால் அது பதில் இல்லை. அது ஒரு மணி நேரம்.

நேற்று உன் புருஷன் அனுப்பிய போட்டோ வந்தது. நீங்கள் இருவரும் ஏரிக்கரையில் நிற்கிறீர்கள். உன் அத்தை அதை ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்குத்தான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து நானும் அவளும் சேர்ந்து ஒரு வெளியூரில் ஒரு நாள் தங்கியதில்லை. அவள் கேட்கும்போதெல்லாம், "வீட்டை யாரு பார்த்துக்கிறது?" என்பேன். வீடு என்னை விட மாட்டேன் என்கிறது என்று எல்லோரிடமும் சொல்வேன். பெருமையாகவும் சொல்வேன். அவள் ஒரு வயதுக்குமேல் கேட்பதையே விட்டுவிட்டாள்.

காலையில் டீ குடிக்கும்போது நான் கேட்டேன்.

"எங்கயாவது போயிட்டு வரலாமா?"

"எங்க?"

"தெரியல. கடல் இருக்கிற ஊரா பார்த்து."

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?" என்றாள். நெற்றியில் கை வைத்தும் பார்த்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். பிறகு, "வீட்டை யாரு பார்த்துக்கிறது?" என்று கேட்டாள். என் குரலிலேயே கேட்டாள். நாற்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள் போல.

"அதுவே பார்த்துக்கும்" என்றேன்.

உடனே எழுந்து போய்விட்டாள். கோபமோ என்று பின்னாலேயே போனேன். பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். நீங்கள் திரும்பி வரும்போது நாங்கள் இல்லாமல் இருக்கலாம். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். வந்து நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, கதவைத் திறந்தால் போதும். எங்களைத் தேடி யாராவது வந்து எப்போது வருவார்கள் என்று கேட்டால், தெரியாது என்று சொல். எங்களுக்கும் தெரியாது.

மாமா